யூரோப் பையருக்கு பர்ஸ் சாம்பிள் போடுறதுக்கு முன்னாடி இத பாருங்க

ஆம்பூர், ராணிப்பேட்டை, பல்லாவரம் பக்கம் புதுசா லெதர் எக்ஸ்போர்ட்ல இறங்குறவங்க நிறைய பேரு "யூரோப் கலெக்‌ஷன்"னு ஒரே செட் சாம்பிள் போட்டு எல்லா நாட்டுக்கும் காட்டுறாங்க, அது வேலைக்கு ஆகாதுங்க. ஃபேஷன் என்னன்னு தேடுறதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரன் பர்ஸுல எதெல்லாம் வச்சிருக்கான்னு பாருங்க, பாதி டிசைன் அதுலயே முடிஞ்சிரும்.

ஜெர்மனில இன்னும் கையில காசு வச்சு செலவு பண்ற ஆளுங்க ஏகப்பட்ட பேரு. யூரோவுல நோட்டு ஆரம்பிக்கிறதே 5லதான், 1, 2 எல்லாம் நாணயம், ஒரு காபி குடிச்சு மீதி வாங்குனா பர்ஸ் கனத்துரும். மொத தடவ நான் ஒரு ஜெர்மன் பையருக்கு ஒல்லியா அழகா ஒண்ணு அனுப்புனேன், ஓரத்துல அடிக்கிற எட்ஜ் பெயிண்ட் மட்டும் மூணு கோட்டு, அந்தாளு திறந்து பாத்துட்டு கேட்டது ஒண்ணே ஒண்ணு, சில்லறைய எங்க போடுறது? அதனால காயின் பாக்கெட் நல்லா அகலமா திறக்கணும். "வீனர் ஷாக்டெல்"னு ஒரு பழைய மாடல் இருக்கு, பெட்டி மாதிரி விரியும், சில்லறை மொத்தமும் கண்ணுக்கு தெரியும், அத ஒண்ணு வாங்கி பிரிச்சு பேட்டர்ன், அதான் தோல வெட்டுற அச்சு, எப்படின்னு பாருங்க.

ஸ்வீடன் நேர் எதிர். கார்டு, போன், அவ்ளோதான், ரொக்கமே அபூர்வம். அங்க காயின் பாக்கெட் வச்சா லெதருக்கு புடிச்ச கேடு, சின்ன கார்டு ஹோல்டர் போதும், லோகோவும் கண்ண உறுத்தக் கூடாது.

பிரான்ஸ்ல மாட்டிக்கிறது சைஸ்ல. பழைய அடையாள அட்டை 105க்கு 74 மில்லிமீட்டர், பேங்க் கார்டு சைஸுக்கு மாறுனதே 2021லதான், பழைய ரோஸ் கலர் பேப்பர் லைசென்ஸ் 2033 ஜனவரி வரைக்கும் செல்லும். வெறும் கார்டு ஸ்லாட்டா அடுக்குனா வயசானவங்க வாங்க மாட்டாங்க, ஒரு பெரிய பாக்கெட் கண்டிப்பா விடுங்க.

இத்தாலிக்காரன் பர்ஸ திறக்கவே மாட்டான், மொதல்ல மோந்து பாப்பான்! அங்க டஸ்கனிங்கற பகுதில மரப்பட்டை போட்டு பதப்படுத்துன தோல் பாத்து வளந்தவங்க, நாளாக நாளாக நிறம் ஏறணும்னு நெனப்பாங்க, தோல்ல இருக்க குறைய மறைக்க பெயிண்ட் மாதிரி பிக்மென்ட் அப்புனா விரல்ல தடவியே கண்டுபிடிச்சிருவாங்க. நம்ம திண்டுக்கல், திருச்சி ஈஐ (ஈஸ்ட் இந்தியா) லெதர், அதான் ஆவாரம்பட்டைல பதப்படுத்துற பழைய முறை, அத இங்க தைரியமா காட்டலாம். இன்னொண்ணு, ரெக்சின் பையில "வீகன் லெதர்"னு டேக் மாட்டி அனுப்பிராதீங்க, தோல் இல்லாதத தோல்னு சொல்லக்கூடாதுன்னு அங்க 2020லயே சட்டம் வந்துருச்சு.

ஆபீஸ் பை பண்றவங்களுக்கு ஒரு வரி: ஜெர்மன் ஃபைலு 32 சென்டிமீட்டர் உயரம், உள்ளளவு அதுக்கு மேல வேணும். நெதர்லாந்துன்னா சைக்கிள்ல போறவங்க, மேல ஜிப், நீள ஸ்ட்ராப்.

டெஸ்டிங் மட்டும் ஐரோப்பிய யூனியன் நாடு எல்லாத்துக்கும் பொது. 2015 மே மாசத்துலேர்ந்து ஒடம்புல படுற லெதர்ல குரோமியம் 6ங்கற கெட்ட ரசாயனம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு கீழ இருக்கணும். டேனரில (தோல் பதனிடுற இடத்துல) பாஸ் ஆன லெதர் சூட்டுல கெடந்து அப்புறம் ஃபெயில் ஆகுறதும் உண்டு, அதனால பழைய ரிப்போர்ட்ட நம்பாம பேட்ச் பேட்ச்சா லேபுக்கு அனுப்புங்க. பிரிட்டனுக்கு 2021லேர்ந்து கெமிக்கல் ரூல் தனி, பையர்கிட்ட கேட்டுக்கங்க.

கூரியர் போடுறதுக்கு முன்னாடி நெஜ யூரோ காயின் பத்தும் ஒரு 50 யூரோ நோட்டும் உள்ள வச்சு மூடி, தலைகீழா நல்லா உலுக்குங்க. ஒரு காயின் வெளிய விழுந்தாலும் திரும்ப பேட்டர்ன் டேபிளுக்கு.