ஹரிக்கேன் கட்டுரை எழுத வரும் இளையவருக்கு வழிகாட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்கிப்பீடியாவில் ஹரிக்கேன் எனப்படும் அட்லாண்டிக் கடும்புயல்களைப் பற்றி எழுத முன்வருவோரில் மாணவர்களும் உண்டு. காற்றின் வேகம், காற்றழுத்தம், நகர்ந்த பாதை, கரையைக் கடந்த நேரம் என எல்லாமே எண்ணாகக் கிடைப்பதாலும், மயாமியிலுள்ள அமெரிக்கத் தேசிய ஹரிக்கேன் மையம் அட்லாண்டிக் புயல் ஒவ்வொன்றுக்கும் தனி அறிக்கை வெளியிடுவதாலும், புதியவர் எழுதிப் பழக இது நல்ல களம். ஆனால் அவருக்குத் துணையாக வரும் அனுபவசாலிகளின் சில பழக்கங்களால், ஆர்வத்தோடு வந்தவர் விரைவிலேயே ஒதுங்கிவிடுகிறார்; அல்லது பிழையான தகவலைக்கூட நேர்த்தியாக எழுதிவைக்கப் பழகிவிடுகிறார். இரண்டாவதுதான் அதிகக் கேடு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அவருடைய வரைவை நாமே திருத்தி முடித்துவிடுவது. மணல்தொட்டியில் (எழுதிப் பழகுவதற்கான பக்கத்தில்) அவர் எழுதிய பத்தியில் ஐந்து பிழைகள் கண்ணில் பட்டால், விளக்கி எழுதுவதைவிடத் திருத்திவிடுவது எளிதுதான். ஆனால் தொகுப்பு வரலாற்றில் நம் பெயருக்குக் கீழே நிற்கும் அந்தத் திருத்தத்திலிருந்து அவர் கற்பது மிகக் குறைவு. ‘கத்ரீனா மணிக்கு 203.72 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் லூசியானாவில் கரையைக் கடந்தது’ என்று அவர் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 110 நாட் என்று அறிக்கையில் உள்ளதை (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்) 1.852ஆல் பெருக்கியிருக்கிறார், கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த 110 என்பதே ஐந்தின் மடங்காக முழுமையாக்கப்பட்ட மதிப்பீடு. அதிலிருந்து தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை துல்லியம் கறக்க முடியாது. எண்ணை 205 என்று மாற்றிவிட்டு நகர்வதைக் காட்டிலும், ‘இந்த வேகத்தை எப்படி அளந்தார்கள், எவ்வளவு வரை பிசகக்கூடும் என்று அறிக்கை சொல்கிறதா, பாருங்கள்’ என்று பேச்சுப் பக்கத்தில் கேட்டால், அவர் அறிக்கையை மறுபடி திறப்பார். அடுத்த கட்டுரையில் அந்தப் பிழை வராது.

தலைப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் இடறுகிறோம். கத்ரீனா, ஹார்வி போன்ற பெரும் புயல்களின் கட்டுரைகளை ஏற்கெனவே பலர் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பார்கள். அங்கே புதியவர் சேர்க்கும் சொற்றொடர் சில நிமிடங்களில் நீக்கப்பட்டுப் பழைய வடிவமே மீளமைக்கப்படலாம். அதற்காகக் கடலிலேயே தோன்றிக் கடலிலேயே கலைந்த புயலைக் கையில் கொடுத்தால், அதைப் பற்றி எழுத ஒரு பத்திக்கு மேல் செய்தி தேறாது. கட்டுரையே அந்த ஆண்டின் எல்லாப் புயல்களையும் தொகுக்கும் பருவக் கட்டுரையோடு இணைக்கப்பட்டுவிடும். ஏதேனும் ஒரு நாட்டில் கரையைக் கடந்து, ஓரளவு சேதம் விளைவித்து, சில ஆண்டுகள் கடந்துவிட்ட நடுத்தரப் புயலே பயிற்சிக்கு ஏற்றது.

மூன்றாவது தவறு சற்று நுட்பமானது. ‘அதிகாரபூர்வ மூலத்தில் உள்ள எண்ணை எடுத்து எழுதுங்கள்’ என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். ஹரிக்கேன் துறையில் அதிகாரபூர்வ எண்ணே மாறிக்கொண்டிருக்கும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா கரையைக் கடந்தபோது நான்காம் வகை (புயலின் வலிமையை ஒன்று முதல் ஐந்து வரை பிரிக்கும் வரிசையில் நான்காவது) என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த அறிக்கை அதை மூன்றாம் வகையாகக் குறைத்தது. 1992இல் புளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ, பத்தாண்டுகள் கழித்து 2002இல்தான் ஐந்தாம் வகைக்கு உயர்த்தப்பட்டது. 2018 அக்டோபரில் அதே மாநிலத்தின் மெக்சிகோ பீச் அருகே கரையேறிய மைக்கேலுக்கும் 2019 ஏப்ரலில் அதே உயர்வு கிடைத்தது. உயிரிழப்புக் கணக்கு இன்னும் சிக்கலானது. கத்ரீனாவுக்கு நெடுங்காலம் 1,833 என்ற எண்ணே எங்கும் எடுத்தாளப்பட்டது. ஹரிக்கேன் மையம் 2023இல் அதை 1,392 என்று திருத்தியது. போர்ட்டோ ரிக்கோவில் 2017இல் மரியாவால் இறந்தோர் 64 பேர் என்று கூறிவந்த அத்தீவின் அரசு, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பின் 2018 ஆகஸ்டில் 2,975 என்ற மதிப்பீட்டை ஏற்றது. இந்த இரண்டில் ஒன்று பொய், மற்றது மெய் என்று கொள்வதற்கில்லை. முதலாவது புயலால் இறந்ததாகச் சான்றளிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை. இரண்டாவது, வழக்கமாக நேரக்கூடிய மரணங்களைக் காட்டிலும் அடுத்த சில மாதங்களில் எத்தனை கூடுதலாக நேர்ந்தன என்ற புள்ளியியல் மதிப்பீடு. ஆகவே எண்ணோடு அதன் ஆண்டையும், யார் எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதத் தொடக்கத்திலேயே பழக்க வேண்டும். பழைய எண்ணைக் கண்டதும் அழித்துவிடாமல், அது ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதச் செய்வது இன்னும் நல்லது. என் கணிப்பில், ஒரு புயல் கட்டுரையின் தரத்தை அந்த ஒரு வரியைக் கொண்டே சொல்லிவிடலாம்.

நேரத்தைக் கையாளும் முறையையும் சொல்லித் தராமல் விட்டுவிடுகிறோம். மையத்தின் அறிக்கைகள் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் எழுதப்படுகின்றன. செய்தித்தாள்களோ உள்ளூர் நேரத்தில் எழுதும். ஹார்வி டெக்சாஸ் கரையைக் கடந்தது உலக நேரப்படி 2017 ஆகஸ்ட் 26 அதிகாலை 3 மணி. டெக்சாஸ்காரர்களுக்கு அது ஆகஸ்ட் 25 இரவு 10 மணி. இரண்டு மூலங்களையும் கலந்து எழுதும் புதியவரின் கட்டுரையில் புயல் ஒரே கரையை இரு நாள்களில் இருமுறை கடந்துவிடும். வேக ஒப்பீட்டிலும் கவனம் வேண்டும். அமெரிக்க மையம் ஒரு நிமிடச் சராசரியைக் கொடுக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிமிடச் சராசரியைக் கொடுக்கிறது. எனவே வங்கக் கடல் புயலையும் அட்லாண்டிக் புயலையும் ஒரே பட்டியலில் நிறுத்தி எது பெரியது என்று ஆராயும் ஆசை, நம்மவர்களிடம் இயல்பாகவே எழுவதென்றாலும், அப்படியே அனுமதிக்கத் தக்கதன்று.

வகை எண்ணின் மீது இளையவர்களுக்கு உள்ள மோகத்தை நாமே வளர்த்துவிடுவதும் உண்டு. ‘ஐந்தாம் வகையா, அருமையான தலைப்பு!’ என்று பாராட்டும்போது, வகைதான் புயலின் மதிப்பு என்று அவர் எடுத்துக்கொள்கிறார். வகையைத் தீர்மானிக்கும் சாஃபிர்–சிம்ப்சன் அளவுகோல் 2010 முதல் காற்றின் வேகத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது. மழையையும் கடல்நீர் ஏற்றத்தையும் அது சொல்லாது. 2004இல் ஜீன் ஹெய்ட்டிக்கு அருகே கடந்தபோது ஹரிக்கேனாகக்கூட இல்லை, அதைவிட வலுக்குறைந்த வெப்பமண்டலப் புயலாகத்தான் இருந்தது. ஆயினும் கோனாயீவ் நகரையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்த வெள்ளம் ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றது. அதே ஜீன் பின்னர் மூன்றாம் வகை ஹரிக்கேனாகப் புளோரிடாவைத் தாக்கியது. ஆங்கிலத்தில் கிடைக்கும் செய்திகளோ பெருமளவு புளோரிடாவைப் பற்றியவை. கிடைத்ததைக் கொண்டு எழுதினால் கட்டுரையும் அப்படியே சாய்ந்துவிடும். மரியாவைப் பற்றி எழுதுபவர், போர்ட்டோ ரிக்கோவுக்கு முன்பே அது டொமினிக்காவை ஐந்தாம் வகையாகத் தாக்கியதை இரண்டு வரியில் கடந்துவிட்டால், அந்தத் தீவின் செய்தி இதழ்களையும் அரசு வெளியீடுகளையும் தேடிப் பார்த்தாரா என்று வழிகாட்டி கேட்டாக வேண்டும்.

படியெடுத்தல் குறித்து மிகையாக மிரட்டுவதும் தவறு, கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. அமெரிக்க நடுவண் அரசின் ஊழியர்கள் பணிநிமித்தம் எழுதுபவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது; ஆகவே மையத்தின் அறிக்கையிலிருந்து வரிகளை எடுத்தாள்வது திருட்டாகாது, எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டால் போதும். செய்தி நிறுவனங்களின் உரைக்கும் படங்களுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. இந்த வேறுபாட்டை விளக்காமல் எச்சரிக்கை வார்ப்புருவை (ஆயத்தமாக உள்ள அறிவிப்பை) ஒட்டிவிட்டுப் போனால், பதினைந்து வயதுக்காரர் தன்னைக் குற்றவாளியாகக் கருதிக்கொள்வார்.

புயல் இன்னும் கடலில் சுழன்றுகொண்டிருக்கும்போதே அதைப் பற்றிய கட்டுரையில் புதியவரை இறக்கிவிடுவது எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை வரும் அறிவிப்பை முதலில் பதிவேற்றும் போட்டியில் அவர் வேகத்தைக் கற்பாரே தவிர, சரிபார்த்தலைக் கற்க மாட்டார். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, ‘கண் தெளிவாகிவிட்டது, அடுத்த அறிவிப்பில் வகை கூடும்’ என்று தாமே கணித்து எழுதும் பழக்கமும் அங்கிருந்துதான் வருகிறது. கரையோரத்தில் இருப்பவர்கள் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து வெளியேறும் முடிவை எடுக்கும் ஆபத்தும் உண்டு.

இளையவரின் தனியுரிமையை இழப்பது எளிது, மீட்பது கடினம். வயது, பள்ளி, ஊர் ஆகியவற்றை நட்பாகக்கூடக் கேட்கக் கூடாது. அவரே பயனர் பக்கத்தில் எழுதிவிட்டால் நீக்கச் சொல்ல வேண்டும். நீக்கினாலும் பக்கத்தின் வரலாற்றில் அது எஞ்சியிருக்கும் என்பதால், முழுமையாக மறைக்க மேற்பார்வை அணுக்கம் (வரலாற்றிலிருந்தும் மறைக்கும் அதிகாரம்) உடையவர்களைத் தனியே அணுக வேண்டும். உரையாடலைத் தனி அரட்டைக்கு நகர்த்தாமல் எல்லாரும் பார்க்கும் பேச்சுப் பக்கத்திலேயே நடத்துவது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. ‘தம்பி’ என்று விளிப்பதையும் தவிர்க்கலாம். எதிரே இருப்பவர் தம்பியா தங்கையா என்று நமக்குத் தெரியாது.

தேர்வுக் காலத்தில் அவர் காணாமல் போனால் நினைவூட்டல்களை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். அட்லாண்டிக் பருவம் ஜூன் 1இல் தொடங்கி நவம்பர் 30இல் முடிகிறது. புயல்களின் இறுதி அறிக்கைகள் அதற்குப் பிறகும் பல மாதங்கள் வந்துகொண்டிருக்கும். மார்ச்சில் விட்டுப்போன வரைவை அவர் மே மாத விடுமுறையில் திறக்கும்போது, அப்போது இல்லாத அறிக்கைகூட வெளியாகியிருக்கலாம். அதுவரை வரைவு மணல்தொட்டியிலேயே கிடக்கட்டும்.