பட்டத்தையும் அனுபவத்தையும் எடைபோடுவதில் நேரும் தவறுகள்

மருந்து, சட்டம், வீடு கட்டுவது என எதைப் பற்றிப் பலர் கூடிப் பேசினாலும், "நான் இந்தத் துறையில் இருப்பவன்" என்று ஒருவர் சொன்னதும் பேச்சின் போக்கு மாறிவிடுகிறது. அது நியாயமே. பல ஆண்டுகள் படித்துப் பழகியவரின் சொல்லை முதலில் கேட்பதுதான் முறை. ஆனால் முதலில் கேட்பதையும் கேட்டபடியே ஏற்பதையும் நாம் ஒன்றாக்கிவிடுகிறோம்.

இதனால் நேரும் தவறுகளுள் மிகுந்த சேதம் விளைவிப்பது, ஒரு துறையில் பெற்ற புகழ் அடுத்த துறையிலும் செல்லும் என்று நம்புவதுதான். லைனஸ் பாலிங் 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் பரிசு பெற்றவர். வேதிப்பிணைப்பு பற்றிய அவருடைய பணி இன்றும் அடிப்படைப் பாடம். அவரே 1970இல், வைட்டமின் சி-யை நாள்தோறும் கிராம் கணக்கில் உட்கொண்டால் சளி பிடிக்காமல் காக்கலாம் என்று நூல் எழுதியபோது, மக்கள் மாத்திரைகளைத் தேடி வாங்கினார்கள். பின்னர் நடந்த சோதனைகளில், தொடர்ந்து உட்கொண்டாலும் பொதுமக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை என்றும், பிடித்த சளி சற்று விரைவில் நீங்குகிறது என்றும் மட்டுமே தெரியவந்தது. முற்றிய புற்றுநோய்க்கும் அது உதவும் என்ற அவருடைய கருத்தை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் நோயாளிகளிடம் சோதித்து, 1979லும் 1985லும் பயனில்லை என்று அறிவித்தார்கள். பாலிங்கின் அறிவில் குறையில்லை. ஒரு மருந்து பலன் தருகிறதா என்பதை நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுத்தான் அறிய முடியும். எத்தனை பெரிய பரிசும் அந்த ஒப்பீட்டுக்கு ஈடாகாது.

பட்டம் இல்லை என்பதற்காக ஒருவரைப் புறந்தள்ளுவது இதன் மறுபக்கம். 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன், தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லியே கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதம் எழுதியவரின் தகுதியை ஆராயாமல், ஹார்டி தம் சக கணித அறிஞர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அதில் இருந்த தேற்றங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். நிரூபணங்களை அனுப்பும்படி பதில் எழுதினார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு: பகா எண்களின் பரவல் குறித்து ராமானுஜன் கூறியவற்றில் பிழை இருந்தது, ஹார்டி அதையும் கண்டு சொன்னார். பட்டமில்லாத மேதை என்பதற்காக எந்தச் சலுகையும் தரப்படவில்லை. அதுவே அவருக்குச் செய்யப்பட்ட உண்மையான மரியாதை என்று நான் கருதுகிறேன்.

சரிபார்க்க முடியாத தகுதியை வாதமாக ஏற்பதும் தவறு. விக்கிப்பீடியாவில் இறையியல் பேராசிரியர் என்று தம்மைக் கூறிக்கொண்டு, அந்தத் தகுதியைக் காட்டியே விவாதங்களில் பேசிய ஒரு முக்கியப் பயனர், அத்தகைய பட்டம் எதுவும் பெறாத இளைஞர் என்பது 2007இல் வெளிப்பட்டது. பட்டங்களைச் சரிபார்க்கலாம் என்ற யோசனை அப்போது எழுந்தும் நடைமுறைக்கு வரவில்லை. எழுதுபவர் யாராயினும் ஆதாரம் காட்ட வேண்டும் என்ற விதியே நிலைத்தது.

அனுபவத்தை எடைபோடும்போது, அது எதைப் பற்றிய அனுபவம் என்று கேட்க வேண்டும். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் வாழ்பவருக்கு, சர்க்கரை இறங்கும்போது வியர்ப்பதும் கை நடுங்குவதும் எப்படித் தொடங்கும் என்பது பல மருத்துவர்களைவிட நெருக்கமாகத் தெரியும். அதை அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அவர் போட்டுக்கொள்ளும் இன்சுலின் அளவு அடுத்தவருக்குப் பொருந்தாது.

துறை அறிந்தவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள்: காரணம் கேட்டால் பட்டத்தைப் பதிலாகச் சொல்கிறார்கள். பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது என்று ஒரு மருத்துவர் கூறும்போது, "ஏன்?" என்பவரிடம் "நான் எம்.டி. படித்தவன்" என்றால் கேட்டவர் வாயடைத்துப் போவார், அவ்வளவுதான். அந்த மருந்து உடலில் சிதையும்போது சிறிதளவு நச்சுப்பொருள் உண்டாகிறது, வழக்கமான அளவில் கல்லீரல் அதைச் செயலிழக்கச் செய்துவிடும், அளவு மீறினால் அந்தத் திறன் தீர்ந்து கல்லீரலே சேதமடையும், சளி மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து சேர்ந்திருக்கிறது என்று இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொன்னால், கேட்டவர் அடுத்த முறை காய்ச்சல் மாத்திரையோடு சளி மாத்திரையையும் போடும் முன் அட்டையைத் திருப்பி, உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துக் கூட்டிக்கொள்வார்.