டேஷ்கேம் மெமரி கார்டைப் பராமரிப்பதும் பதிவுகளைப் பார்ப்பதும்

பினாங்குப் பாலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் என் காரின் பக்கக் கண்ணாடியை இடித்துவிட்டுப் பறந்த மாலையில், டேஷ்கேம் (காரின் முன்கண்ணாடியில் பொருத்தி, சாலையைப் பதிவு செய்யும் கேமரா) இருக்கிறது என்ற தெம்போடு வீடு திரும்பி, மெமரி கார்டைக் கணினியில் செருகினேன். அதிலிருந்த கடைசிப் பதிவு மூன்று வாரங்களுக்கு முந்தையது. கேமராவில் பழுதொன்றும் இல்லை. அது சேமிக்கும் முறையை நான்தான் அறிந்திருக்கவில்லை.

கேமரா 1, 3 அல்லது 5 நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து, கார்டு நிரம்பியதும் மிகப் பழைய துண்டை அழித்து இடம் பிடித்துக்கொள்ளும். வினாடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு ஏறத்தாழ 6.75 ஜிபி செலவாகும் என்பதால், 64 ஜிபி கார்டில் சுமார் 9 மணி நேரம் அடங்கும். சாதாரணக் கார்டு இடைவிடாத எழுத்துக்கும் வெயிலில் நிற்கும் காரின் சூட்டுக்கும் நெடுநாள் தாங்காது. கூடுதல் விலையானாலும் ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று அச்சிட்ட கார்டையே வாங்குங்கள்.

என்னைக் கவிழ்த்தது ஜி-சென்சார். கார் குலுங்கினால் விபத்து என்று கருதி, அந்தத் துண்டை அது பூட்டிவிடுகிறது. பூட்டிய துண்டுகளைப் பல கேமராக்கள் தாமாக அழிப்பதில்லை. என் கார்டின் ‘ஈவென்ட்’ கோப்புறையில் 500-க்கும் மேற்பட்ட துண்டுகள் குவிந்து, புதிய பதிவுக்கு இடமில்லாமல் செய்திருந்தன. திறந்து பார்த்தால், பெரும்பாலானவற்றில் எங்கள் அடுக்குமாடியின் வேகத்தடையும் பாதுகாவலரின் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் தெரிந்தன. ஆகவே மெனுவில் ஜி-சென்சாரின் உணர்திறனைக் குறைந்த அளவுக்கு மாற்றுங்கள். பிறகு வேகத்தடையில் ஒருமுறை ஏறி இறங்கி, புதிய துண்டு பூட்டப்படுகிறதா என்று சோதியுங்கள். வேண்டியவற்றைப் பிரதியெடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை கார்டை ஃபார்மட் செய்து முழுவதுமாகக் காலியாக்குங்கள். அதைக் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே செய்வது நல்லது, ஏனெனில் கேமரா ஏற்காத எக்ஸ்ஃபேட் போன்ற வடிவத்துக்குக் கணினி அதை மாற்றிவிடக்கூடும்.

பதிவைப் பார்க்க வைஃபை செயலி உண்டு. கேமராவின் வைஃபையில் இணைய வசதி இல்லாததால் கைப்பேசி அடிக்கடி மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், அதை அணைத்துவிட்டு இணையுங்கள். ஒரு நிமிடக் காட்சிக்கு இது போதும். அதற்கு மேல் என்றால் எனக்குப் பொறுமையில்லை: காரை நிறுத்தி, கேமரா அணைந்த பிறகு கார்டைக் கழற்றி, கார்டு ரீடரில் போட்டு, கணினியில் வி.எல்.சி என்ற இலவசக் காணொளி மென்பொருளில் பார்ப்பேன். அதில் ‘ஈ’ விசையைத் தட்டினால் காட்சி ஒவ்வொரு பிரேமாக நகரும்; வண்டி எண்ணைப் படிக்க இதைவிட எளிய வழி இல்லை.

மெனுவில் நேரமண்டலம் ஜிஎம்டி+8 என்றிருக்கட்டும். சீனாவுக்கும் மலேசியாவில் இருக்கும் நமக்கும் ஒரே நேரம் என்பதால், அங்கிருந்து வரும் கேமராக்கள் பலவும் தற்செயலாகச் சரியாகவே ஓடும். சாலை விபத்தை 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டுமென்று மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கூறுவதால், பதிவை அன்றிரவே பிரதியெடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஒலி கேட்கிறது, படம் வரவில்லை என்று பினாங்கின் பிறை நகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய கேமரா எச்.265 என்ற காணொளிச் சுருக்க முறையில் பதிவு செய்வதே காரணம். வி.எல்.சி-யில் திறந்ததும் படம் வந்துவிட்டது. பழைய மடிக்கணினி என்பதால் காட்சி திக்கித் திணறியதாகவும் சொன்னார். அத்தகைய கணினி வைத்திருப்போர், மெனுவில் வசதி இருந்தால் பழைய முறையான எச்.264-க்கு மாற்றிக்கொள்ளலாம், கார்டு மட்டும் சற்று விரைவாக நிரம்பும்.