ஏற்றக்கோணக் கணக்கு: மதிப்பெண் எங்கே போகிறது?

மலேசியப் பள்ளிகளில் படிவம் மூன்றிலிருந்து எஸ்.பி.எம். (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) வரை, ஏற்றக்கோணக் கணக்கில் தவறு பெரும்பாலும் சைன், டேனில் நடப்பதில்லை. அதற்கு முன்பே படத்தில் நடந்துவிடுகிறது.

ஏற்றமோ (மேலே பார்ப்பது) இறக்கமோ (கீழே பார்ப்பது), கோணம் கண் மட்டத்துக் கிடைக்கோட்டிலிருந்துதான் அளக்கப்படும். பினாங்குக் கடலோர அடுக்குமாடியில், கடல்மட்டத்துக்கு 90 மீட்டர் மேலே உள்ள சன்னலிலிருந்து ஒரு ஃபெரியைப் பார்க்கிறோம், இறக்கக்கோணம் 25°. பலர் இந்த 25-ஐச் சுவருக்கும் பார்வைக்கோட்டுக்கும் நடுவே எழுதிவிடுகிறார்கள். உடனே தூரம் 90 × டேன் 25°, அதாவது 42 மீட்டர் ஆகிவிடுகிறது. சரியான விடை 90 ÷ டேன் 25° = 193 மீட்டர். சன்னல் மட்டத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டு, அதற்குக் கீழே 25 எழுதுங்கள். புள்ளிக்கோடும் கடல்மட்டமும் இணைகோடுகள்; ஒன்றுவிட்ட கோணம் என்பதால் ஃபெரியிடமும் அதே 25 வரும். கோணம் 45-க்குக் குறைவு என்றால் கிடைத்தூரம் உயரத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும். இதை நினைவில் வைத்தாலே அந்த 42 மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது கண்ணின் உயரம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் வான்பாலம் தரையிலிருந்து 170 மீட்டர். 1.6 மீட்டரில் கண் உள்ளவர் அதை 40° ஏற்றக்கோணத்தில் பார்த்தால், முக்கோணத்தின் செங்குத்துப் பக்கம் 168.4 மட்டுமே; தூரம் 200.7 மீட்டர். 170-ஐ அப்படியே போட்டால் 202.6 வரும். 'தரையிலுள்ள புள்ளியிலிருந்து' என்று கேள்வியில் இருந்தால் கண் உயரத்துக்கு வேலையே இல்லை.

பட்டத்தின் நூல், சாய்த்து வைத்த ஏணி எல்லாம் கர்ணம், அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள சாய்வான பக்கம். அவற்றை அடிப்பக்கத்தில் எழுதாதீர்கள்.

உண்மையில் படுத்துவது இரண்டு இடங்களிலிருந்து கோணம் அளக்கும் கணக்குதான். கோபுரத்தை நோக்கி 100 மீட்டர் நடந்ததும், தரையிலிருந்து அளந்த ஏற்றக்கோணம் 30°-இலிருந்து 45° ஆகிறது. 45-இலிருந்து 30-ஐக் கழித்து டேன் 15° போடுவது வீண். அந்த 100 எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் முழுப்பக்கம் அல்ல. இரண்டு அடிப்பக்கங்களின் வித்தியாசம். உயரம் உ என்றால் சிறிய அடிப்பக்கமும் உ, பெரியது உ + 100. ஆகவே உ = (உ + 100) × டேன் 30°; விடை 136.6 மீட்டர். இடையில் டேன் 30°-ஐ 0.6 என்று சுருக்கினால் 150 வந்துவிடும். கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள்.

கால்குலேட்டரில் முதலில் டேன் 45 அடியுங்கள். 1 வராமல் 1.6198 வந்தால் அது டிகிரியில் இல்லை, கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் இருக்கிறது.