ஊட்டி பின்கோடும் 127-உம்: பெரிய பகா எண்ணைச் சோதிப்பது எப்படி?

1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண். அதுவரை பள்ளிப் பாடம். ஓர் எண்ணைக் கொடுத்து ‘இது பகா எண்ணா?’ என்று கேட்டால்தான் சிக்கல். நீலகிரி பின்கோடுகளை வைத்தே பழகுவோம். பேப்பரும் பேனாவும் போதும். மலையில் மழைக்குக் கரண்ட் போன சாயங்காலத்துக்கு ஏற்ற வேலை.

முதலில் குன்னூர், 643101. இலக்கங்களைக் கூட்டினால் 15. மூன்றால் வகுபடும், கதை முடிந்தது.

அடுத்து ஊட்டி, 643001. இது லேசில் பிடி கொடுக்காது. 2, 3, 5 உதவாது. 7, 11, 13 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போங்கள். எதுவரை? வர்க்கமூலம் வரை. 802-இன் வர்க்கம் 643204, எண்ணைத் தாண்டிவிடுகிறது. அதனால் 801-க்கு மேல் பார்க்க வேண்டாம். இரண்டு காரணிகளுமே அதைவிடப் பெரிதாக இருக்க முடியாது அல்லவா? 53-க்கு மீதி 5, 59-க்கு 19, 61-க்கு பூஜ்யம்! ஈவு 10541. அதையும் உடைத்தால் 83 × 127.

ஆறு இலக்கத்துக்கே இந்தப் பாடு. 39 இலக்க எண் என்றால் வகுத்து மாளாது. ஆனால் இப்போது கிடைத்த 127 சாதாரண எண் அல்ல, 2⁷ − 1. இப்படி 2-இன் அடுக்கில் 1 குறைந்த எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். இவற்றுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு: லூகாஸ்–லேமர் சோதனை.

அடுக்கு 2-ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருக்க வேண்டும். 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 127-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் 2 குறைத்தால் எத்தனையோ, அத்தனை முறை, இங்கே ஐந்து.

4 × 4 − 2 = 14
14 × 14 − 2 = 194, மீதி 67
67 × 67 − 2 = 4487, மீதி 42
42 × 42 − 2 = 1762, மீதி 111
111 × 111 − 2 = 12319, மீதி 0

கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. அவ்வளவுதான். இதன் முந்தைய வடிவத்தை வைத்துத்தான் பிரெஞ்சுக் கணிதர் லூகாஸ் 1876-இல் 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். அதுதான் அந்த 39 இலக்க எண். அடுக்கில் நிற்பதும் நம் 127-தான்! 1951 வரை அதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் அகப்படவில்லை. லேமர் 1930-இல் சோதனையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1, மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள், அதையும் இதே சோதனையால்தான் உறுதி செய்தார்கள். கணக்கு மட்டும் கம்ப்யூட்டருடையது.

சரி, இனி நீங்களே 2¹¹ − 1, அதாவது 2047-ஐப் போட்டுப் பாருங்கள். ஒன்பது படிகள். கடைசி மீதி 1736 வந்தால் உங்கள் கணக்கு சரி, 2047 பகா எண் அல்ல. காரணிகள் எவை என்று மட்டும் இந்தச் சோதனை சொல்லாது. 23 × 89 என்று அறிய மறுபடி வகுக்கத்தான் வேண்டும்.