தென்னந்தோப்பில் டிராக்டர் சிலேஷர்: முதல்முறை மாட்டி ஓட்டுபவர்களுக்கு

மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை நன்றாக ஓட்டுபவர்கள்தான், புல் வெட்டும் மெஷினான சிலேஷரில் அதிகம் தப்பு செய்வார்கள் என்பது என் அபிப்பிராயம். இரண்டையும் டிராக்டருக்குப் பின்னால்தான் மாட்டுகிறோம், இரண்டும் பி.டி.ஓ.வில், அதாவது இன்ஜின் சக்தியைப் பின்னால் கொடுக்கும் தண்டில்தான் சுற்றுகிறது, அதனால் பழகின கை அதே மாதிரி ஓட்டப் பார்க்கும். ஆனால் ரோட்டவேட்டரின் கத்தி மண்ணுக்குள் சுற்றுகிறது. சிலேஷரின் பிளேடு தரைக்கு மேலே சில அங்குலத்தில் படுக்கையாகச் சுற்றுகிறது. ஐந்தடி அகல மெஷினில் பிளேடு நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும், அதில் ஒரு ஜல்லிக்கல் பட்டால் 300 அடி தள்ளிப் போய் விழக்கூடும். கீழே சொல்லப்போவதில் பாதி இந்த ஒரு காரணத்தால்தான்.

முதலில் தோப்பை நடந்து பாருங்கள்

டிராக்டரை ஷெட்டிலேயே விட்டுவிட்டு ஒரு தடவை காலால் நடந்து வாருங்கள். முழங்கால் உயரப் புல்லுக்குள் விழுந்து கிடக்கும் தேங்காய், காய்ந்த மட்டை, பழைய கம்பி, வேலிக்கல்லின் உடைந்த துண்டு, சொட்டு நீர்க் குழாய், வால்வு எதுவும் டிராக்டர் சீட்டிலிருந்து கண்ணில் படாது. மட்டையை எல்லாம் ஓரமாக இழுத்துப் போடுங்கள். குழாயைச் சுருட்ட முடிந்தால் மரத்தடிக்குச் சுருட்டுங்கள், முடியாத இடங்களில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டிவிடுங்கள். வால்வு இருக்கும் இடங்களுக்கும் அதேதான். கையில் ஒரு நீளக் கம்பு இருக்கட்டும், புல்லுக்குள் பாம்பு இருந்தால் தட்டலில் விலகிப் போகும்.

அப்படியே, தோப்பில் ஆடு மாடு மேய்க்கிறவர்கள், தேங்காய் பொறுக்குகிறவர்கள் இருந்தால் வேலை முடியும்வரை வெளியே இருக்கச் சொல்லுங்கள். ரோட்டவேட்டருக்குப் பின்னால் ஆள் நடந்து வருவதைப் பார்த்துப் பழகியிருப்போம். இங்கே அது கூடவே கூடாது. மட்கார்டில் பையனை உட்கார வைத்து ஓட்டுவதும் அப்படித்தான்.

மாட்டுவது

சமமான கெட்டித் தரையில் சிலேஷர் நிற்கட்டும். டிராக்டரை மெதுவாகப் பின்னால் எடுங்கள், அந்த நேரத்தில் டிராக்டருக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டு "வா வா, இன்னும் கொஞ்சம்" என்று யாரும் வழி சொல்லக் கூடாது. வழி சொல்பவர் பக்கவாட்டில், ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும்படி நிற்க வேண்டும். சரியான இடம் வந்ததும் ஹேண்ட் பிரேக், இன்ஜின் ஆஃப், அப்புறம்தான் இறங்குவது.

மெஷினைத் தாங்குவது டிராக்டரின் மூன்று கைகள்: கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே நடுவில் ஒரு டாப் லிங்க். முதலில் இடது லோயர் லிங்க், அடுத்தது வலது, கடைசியாக டாப் லிங்க். லோயர் லிங்கைத் தூக்கும் வலது பக்க லிஃப்ட் ராடில் கைப்பிடி இருக்கும், அதைச் சுற்றி உயரம் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால்தான் இந்த வரிசை. ஒவ்வொரு பின்னுக்கும் லாக் பின் போடுங்கள். ஆணியை வளைத்து மாட்டுவதெல்லாம் வேண்டாம். லோயர் லிங்க் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும் செக் செயினை இரண்டு பக்கமும் இறுக்கி, மெஷின் நடுவில் நிற்கும்படி வையுங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது மெஷின் ஆடி டயரில் உரசும், மரத்திலும் மோதும். மெஷினைத் தூக்கியதும் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறைந்த மாதிரித் தெரிந்தால் முன்னால் எடைக்கட்டி போட்டே ஆக வேண்டும்.

பி.டி.ஓ. ஷாப்ட்

இதில் அவசரப்படாதீர்கள். பெரும்பாலான டிராக்டர்களில் ஆறு பள்ளம் உள்ள 35 மில்லிமீட்டர் தண்டு, 540 ஆர்.பி.எம். இந்தத் தண்டையும் மெஷினையும் இணைக்கும் ஷாப்டை மாட்டி லாக் விழுந்ததா என்று கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். நடுவில் ஒன்றுக்குள் ஒன்று போகும் இரண்டு குழாயிலும் உள்பக்க முள்கரண்டி (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், மாற்றிச் செருகினால் ஓடும்போது அதிரும்.

நீளத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இன்ஜினை மட்டும் ஓடவிட்டு, பி.டி.ஓ.வைச் சேர்க்காமல், லிஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலேயும் கீழேயும் நகர்த்துங்கள். ஷாப்ட் மிகவும் குறுகும் இடத்திலும் ஓர் அங்குலமாவது இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். மிகவும் நீளும் இடத்தில் குழாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நீளமான ஷாப்டை அப்படியே மாட்டித் தூக்கினால் அது கியர்பாக்ஸையும் பி.டி.ஓ. பேரிங்கையும் குத்தி உடைத்துவிடும். வெட்டிக் குறைப்பதென்றால் இரண்டு பாதியிலும் சம அளவு, மேலுள்ள பிளாஸ்டிக் கவரிலும் அதே அளவு. பழக்கம் இல்லை என்றால் லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

அந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம் இது. 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று. துண்டின் நுனியோ லுங்கியின் ஓரமோ மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. கவர் சுற்றாமல் நிற்க ஒரு சின்னச் சங்கிலி இருக்கும், அதையும் மாட்டுங்கள். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு எதுவும் வேண்டாம். பேன்ட்டும் கெட்டியான ஷூவும் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

மட்டமும் உயரமும்

முதலில் இரண்டு பின் டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா பாருங்கள். காற்றுக் குறைவை லிஃப்ட் ராடில் சரிசெய்வது வீண் வேலை. இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, பக்கவாட்டு மட்டத்தை வலது லிஃப்ட் ராடில் சரிசெய்யுங்கள்.

அடுத்து முன்பக்கம், பின்பக்கம். பிளேடு முன்னால் நீட்டி இருக்கும்போது நுனிக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள், அப்புறம் பிளேடைப் பின்பக்கம் திருப்பி மறுபடி அளக்க வேண்டும். முன்பக்கம் அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை தாழ்வாக இருக்கட்டும். அப்போதுதான் புல் முன்னாலேயே ஒரே வெட்டில் விழும். பின்பக்கம் தாழ்ந்திருந்தால் வெட்டின புல்லையே திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும், டீசல்தான் போகும். டாப் லிங்கைக் குட்டையாக்கினால் பின்பக்கம் மேலே எழும், நீட்டினால் இறங்கும். பின்னால் சின்னச் சக்கரம் உள்ள மாடல் என்றால் பின் உயரத்தை அந்தச் சக்கரத்தில் வைத்துக்கொண்டு டாப் லிங்கைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள்.

வெட்டும் உயரம் தோப்புக்கு மூன்று அங்குலம் போதும். தரையோடு தரையாக மழிக்க ஆசைப்பட்டால் பிளேடு மண்ணைக் கொத்தும், கல்லை வீசும். முழங்காலுக்கு மேல் வளர்ந்த புல்லை ஒரே தடவையில் முடிக்கப் பார்க்காமல் முதலில் ஆறு அங்குலத்தில் ஓட்டி, அடுத்த சுற்றில் இறக்குங்கள். ஹைட்ராலிக்கை, வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் கன்ட்ரோலில் மட்டும் வைத்து வேலை செய்யுங்கள், இழுவைக்கு ஏற்ப உயரத்தை மாற்றும் டிராஃப்ட் கன்ட்ரோல் கலப்பைக்கு.

ஓட்டும்போது

இன்ஜின் மெதுவாக ஓடும்போதே பி.டி.ஓ.வைச் சேர்த்து, அப்புறம் நிதானமாக வேகத்தைக் கூட்டுங்கள். மீட்டரில் 540 பி.டி.ஓ.வுக்கு அடையாளம் இருக்கும், முள் அங்கே நிற்கட்டும். பிளேடு ஆடும்படிதான் மாட்டியிருக்கும், சுற்றும் வேகத்தில்தான் அது விறைத்து நிற்கிறது. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் பிளேடு மடங்கிப் புல்லைப் பிய்க்க ஆரம்பிக்கும். ஆகவே இன்ஜின் திணறினால் கியரைக் குறைக்க வேண்டும், ஆக்சிலேட்டரை அல்ல. மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர், அதாவது மனுஷன் நடக்கிற வேகம், போதும்.

சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் சேர்த்து ஒரே கிளட்ச் உள்ள ஒற்றை கிளட்ச் டிராக்டரில் ஓர் ஆபத்து உண்டு. கிளட்சை மிதித்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடின் வேகம் ஷாப்ட் வழியாகத் திரும்பி வந்து டிராக்டரை முன்னால் தள்ளும். மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்த நினைத்தவர் மரத்தில் போய் இடிப்பது இப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் சுற்றவிடும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்று கடையில் கிடைக்கும், வாங்கிப் போட்டுவிடுங்கள்.

மரத்தை விட்டு இரண்டு மூன்றடி தள்ளியே ஓட்டுங்கள், தூரில் மிச்சமிருக்கும் புல்லை அரிவாளால் அறுத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தால் மெஷினின் வலது ஓரம் வெளியே வீசும், அதனால் மரத்தைத் தாண்டியபின் ஒடியுங்கள். வரிசை முடிவில் திரும்பும்போது சில அங்குலம் தூக்கினால் போதும். அதற்கு மேல் தூக்குவதென்றால் முதலில் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள், ரோட்டவேட்டர் பழக்கத்தில் ஓடவிட்டபடியே முழு உயரம் தூக்கினால் ஷாப்ட் ஜாயின்ட் போய்விடும், கீழே திறந்து கிடக்கும் பிளேடு கல்லையும் வீசும். பின்னால் எடுக்கும்போதும் பி.டி.ஓ. ஆஃப். சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம்.

ஏதாவது சிக்கினால்

குழாயோ கயிறோ சுற்றிக்கொண்டால் பி.டி.ஓ.வை நிறுத்தி, மெஷினைத் தரையில் இறக்கி, இன்ஜினை ஆஃப் செய்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள். உடனே கையை விடாதீர்கள். பி.டி.ஓ. நின்ற பிறகும் பிளேடு ஒரு நிமிஷம் வரை தன் போக்கில் சுற்றும். அடியில் வேலை என்றால் தூக்கி வைத்து நான்கு மூலையிலும் கனமான மரக்கட்டை கொடுங்கள், ஹாலோ பிளாக் உடைந்துவிடும். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் படுப்பது தற்கொலை. இன்ஜின் ஓடாவிட்டாலும் லீவரில் யார் கை பட்டாலும் மெஷின் கீழே வரும்.

பிளேடு நின்றுவிட்டது, ஷாப்ட் மட்டும் சுற்றுகிறது என்றால் ஷியர் போல்ட் அறுந்திருக்கும். கியர்பாக்ஸுக்குப் பதிலாக உடைவதற்கென்றே போட்ட போல்ட் அது. கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை கியர்பாக்ஸ்தான் உடையும், எனவே அதே ரக போல்ட் இரண்டு டூல் பாக்ஸில் இருக்கட்டும். ஷாப்ட் ஜாயின்ட்டில் உள்ள குறுக்குச் சிலுவைக்கு எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கிரீஸ் அடியுங்கள்.

பிளேடைத் தீட்டும்போது சவரக்கத்தி மாதிரி கூர் வேண்டியதில்லை, கல்லில் பட்டதும் மடங்கிவிடும். இரண்டு பிளேடும் ஒரே எடை இருக்க வேண்டும், மாற்றினால் ஜோடியாக, போல்ட் நட்டோடு மாற்றுங்கள். விரிசல் விட்ட பிளேடை வெல்டிங் வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள், அந்தத் துண்டு பறந்தால் கல்லை விட மோசம். புதுப் பிளேடு போட்டு ஒரு மணி நேரம் ஓட்டியதும் நிறுத்தி, பிளேடு போல்ட்டை ஸ்பேனர் போட்டு மறுபடி இறுக்கிவிட்டு மீதி வரிசைக்குப் போங்கள்.