சீன மேல்நிலை மாணவர்களின் ஆங்கில வாசிப்புப் பயிற்சி: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ் வழக்கமாக ஜூன் 7 அன்று தொடங்கும். மறுநாள் பிற்பகல் ஆங்கிலத் தாள். இரண்டு மணி நேரம், 150 மதிப்பெண். பல மாகாணங்கள் எழுதும் தேசிய முதல் தாளில் வாசிப்புப் பகுதிக்கு மட்டும் 50 மதிப்பெண். ஏ, பி, சி, டி என்று நான்கு உரைகள், அவற்றில் 15 கேள்விகள். அதன் பிறகு ‘ஏழில் ஐந்து’ என்று மாணவர்கள் சொல்லும் பகுதி: ஒரு கட்டுரையில் ஐந்து இடங்களை வெற்றாக விட்டு, ஏழு வாக்கியங்களைக் கொடுத்துப் பொருத்தச் சொல்வார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 2.5 மதிப்பெண். (பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் மூன்றும் ஆங்கிலத் தாளைத் தாங்களே தயாரிப்பதால் அங்கே அமைப்பு மாறும்.)

தாளில் மூன்றில் ஒரு பங்கு இது என்பதால், கடைசி ஆண்டில் மாணவர்கள் உரை உரையாகப் போட்டுத் தள்ளுகிறார்கள். இதற்கு ‘ஷுவாதி’ என்று பெயர். கேள்விகளை பிரஷ் போட்டுத் தேய்ப்பது என்று பொருள். தேய்த்தும் மதிப்பெண் நகராமல் அதே இடத்தில் நிற்பதுதான் பல வீடுகளில் கவலை. உழைப்பில் குறை இல்லை. உழைப்பு போய்ச் சேரும் இடம்தான் தவறு.

விடையைச் சரிபார்த்ததும் தாளை மூடிவிடுவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். மாணவர் ஒரு உரையைப் படித்து நான்கு கேள்விக்கு விடை எழுதுகிறார். விடைப் பட்டியலைப் பார்க்கிறார். ஒன்று தவறு. சிவப்புப் பேனாவில் சரியான எழுத்தைப் போடுகிறார். அந்தக் கேள்வியை வெட்டிப் ‘பிழை நோட்டில்’ ஒட்டுகிறார். சீனப் பள்ளிகளில் இந்த நோட்டு இல்லாத மாணவரைப் பார்ப்பது அரிது. கணிதத்துக்கு அது நன்றாகவே உதவும், ஏனென்றால் அதே முறை வேறு கணக்கில் திரும்ப வரும். ஆங்கில உரையோ திரும்ப வரப்போவதில்லை. ‘சரியான விடை சி’ என்ற குறிப்பால் அடுத்த உரைக்கு எந்தப் பயனும் இல்லை.

நோட்டில் எழுத வேண்டியவை மூன்று. எந்த விடையைத் தேர்ந்தெடுத்தோம், அதிலுள்ள எந்தச் சொல் நம்மை இழுத்தது. சரியான விடைக்கு உரையில் எந்த வரி ஆதாரம். தவறு எந்த வகை. வகைகளை நான்காகப் பிரித்தால் போதும்: சொல் தெரியவில்லை, வாக்கியம் பிடிபடவில்லை, தவறான இடத்தில் தேடினோம், விடையைச் சரியாகப் படிக்கவில்லை. பத்து உரைகள் முடிந்ததும் எண்ணிப் பார்க்க வேண்டும். 14 தவறுகளில் 8 வாக்கியம் பிடிபடாததால் வந்தவை என்றால், இன்னும் 500 சொல் மனப்பாடம் செய்தாலும் அந்த 8 குறையாது.

இதற்கு முன்னால் ஒரு படி உண்டு. அதைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். விடைப் பட்டியலை முதலில் வேறொருவர் பார்த்து, எந்தெந்த எண் தவறு என்று மட்டும் சொல்லட்டும். சரியான எழுத்தைச் சொல்லக் கூடாது. மாணவர் நேரக் கட்டுப்பாடு இல்லாமல் அந்தக் கேள்விகளை மறுபடி போடட்டும். இரண்டாம் முறை சரியாக வந்தால் சிக்கல் அவசரத்தில் இருக்கிறது. மறுபடியும் தவறினால் சிக்கல் மொழியில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. அதுபோல, ஐயத்தோடு எழுதிய விடைக்குப் பக்கத்தில் அப்போதே ஒரு புள்ளி வைக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சரியாக வந்தாலும் புள்ளி உள்ளதைத் தவறாகவே கணக்கில் எடுக்க வேண்டும்.

படிக்க 8 நிமிடம் என்றால் அலசுவதற்கு 15 நிமிடம் ஒதுக்குவது நியாயமான கணக்கு. நாளுக்கு இரண்டு உரையை இப்படிச் செய்வது, ஆறு உரையைத் தேய்ப்பதைவிட நல்லது.

உரையில் இருக்கும் சொல்லே வலை

ஆதார வரியைத் தேடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. உரையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஓர் ஊர் நூலகம் கருவிகளையும் இரவல் கொடுக்கத் தொடங்கியது, முதல் ஆண்டில் உறுப்பினர் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூடியது, புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வாடகை வீட்டில் இருப்பவர்கள், அவர்கள் வந்தது புத்தகத்துக்காக அல்ல, ஏணிக்காக. கேள்வி: புதியவர்கள் ஏன் சேர்ந்தார்கள்?

அ) அவர்களுக்குப் புத்தக ஆர்வம் கூடியது. ஆ) உறுப்பினர் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இ) ஏணி வாங்க அவர்களிடம் பணம் இல்லை. ஈ) வேண்டிய சாதனங்களை எடுத்துப் பயன்படுத்த நினைத்தார்கள்.

‘அ’வில் புத்தகம் என்ற சொல் உரையிலிருந்து அப்படியே வந்திருக்கிறது, ஆனால் உரை அதை மறுக்கிறது. ‘ஆ’வில் எண் உண்மை, அது ஒட்டிக்கொண்ட இடம் பொய். ‘இ’ தான் மிக ஆபத்தானது. வாடகை வீடு என்றதும் பண நெருக்கடி என்று மனம் தானாகச் சேர்த்துக்கொள்ளும். உரையில் பணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சரியான ‘ஈ’யிலோ ஏணி என்ற சொல்லே கிடையாது, அது ‘சாதனம்’ ஆகிவிட்டது. தேர்வுத் தாள் தயாரிப்பவர்கள் சரியான விடையைப் பெரும்பாலும் வேறு சொற்களில்தான் எழுதுவார்கள். உரையின் சொல்லை அப்படியே தூக்கிப் போடுவது பெரும்பாலும் தவறான விடையில்தான். சொல்லுக்குச் சொல் பொருத்திப் பழகிய மாணவர் ஒவ்வொரு முறையும் அங்கேதான் விழுவார்.

பயிற்சியில் செய்யக்கூடியது: தவறான மூன்று விடைகளுக்கும் பக்கத்தில் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுவது. ‘உரையில் இல்லை’, ‘உரை மறுக்கிறது’, ‘ஆள் மாறிவிட்டது’, ‘காரணம் விளைவாகிவிட்டது’ என்று சுருக்கமாக இருக்கலாம்.

வால் நீண்ட வாக்கியம்

சீன மொழியில் ஒரு பெயரை விளக்கும் சொற்கள் எல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் வரும். தமிழிலும் அப்படியே: ‘நேற்று வந்த பையன்’ என்போம். ஆங்கிலத்திலோ பையன் முதலில் வந்துவிடுவான், நேற்று வந்த கதை பின்னால் வாலாகத் தொங்கும். அதனால் இந்தத் தடுமாற்றம் தமிழ் வாசகருக்குச் சட்டென்று புரியும்.

‘தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஹேட் வாலண்டியர்ட் அட் தி மியூசியம் டியூரிங் தி சம்மர் ஃபவுண்ட் தி கோர்ஸ் ஈஸியர்.’ கோடையில் மியூசியத்தில் தன்னார்வ வேலை பார்த்த மாணவர்களுக்குப் பாடம் எளிதாக இருந்தது என்று பொருள். அவசரமாகப் படிக்கிறவர் கண்ணுக்குச் ‘சம்மர் ஃபவுண்ட்’ பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறது, எழுவாயும் வினையும் ஒன்பது சொல்லுக்கு அப்பால் பிரிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் சீன அர்த்தத்தை எழுதிக்கொண்டு போகும் பழக்கம் இங்கே இன்னும் குழப்பும். எல்லாச் சொல்லும் தெரிந்தும் வாக்கியம் தெரியாது.

செய்ய வேண்டியது: நாளுக்கு மூன்று நீண்ட வாக்கியங்கள். ஹூ, விச், தட் தொடங்கும் இடத்தில் அடைப்புக்குறியைத் திறந்து, அந்த வால் முடியும் இடத்தில் மூட வேண்டும். வெளியே மிஞ்சுவதுதான் வாக்கியத்தின் முதுகெலும்பு: மாணவர்கள், எளிதாக உணர்ந்தார்கள், பாடத்தை. மூன்று வாரம் விடாமல் செய்தால் பென்சில் இல்லாமலே கண் பிரித்துக்கொள்ளும்.

காலம் காட்டும் வினை வடிவங்களில் சிக்கல் வேறு விதம். சீன வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. நேரச் சொல்லையோ சிறு இடைச்சொல்லையோ வைத்துக் காலத்தை அறிவார்கள். ஆகவே ‘ஷி ஷுட் ஹேவ் கால்ட் ஹெர் மதர்’ என்று படித்ததும், அவள் அம்மாவை அழைத்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அழைத்திருக்க வேண்டும், ஆனால் அழைக்கவில்லை என்பதுதான் செய்தி. ‘யூஸ்ட் டு’, ‘வாஸ் தாட் டு பி’ போன்றவையும் இப்படித்தான். முன்பு அப்படி இருந்தது, அப்படி நினைத்தார்கள், இப்போது இல்லை என்ற குறிப்பு அவற்றில் ஒளிந்திருக்கும். டி உரை பெரும்பாலும் ஆராய்ச்சிச் செய்தியாக இருக்கும். பழைய நம்பிக்கையை முதல் பத்தியில் சொல்லி அடுத்ததில் மறுப்பது அதன் வழக்கம். முதல் பத்தியையே மையக்கருத்து என்று எடுப்பவர் தலைப்புக் கேள்வியை இழப்பார்.

அகராதி, சொல் பட்டியல்

சீன மேல்நிலை ஆங்கிலத்துக்கான 2017 பாடத்திட்டத் தரநிலை, 2020 திருத்தத்தின்படியும், விருப்பக் கட்டாயப் பாடங்கள் (எல்லாருக்குமான கட்டாயப் பாடங்களுக்கு அடுத்த கட்டம்) முடியும்போது மாணவருக்கு 3000 சொற்கள் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அதற்கு வெளியே உள்ள சில சொற்களுக்குத் தேர்வுத் தாளிலேயே அடைப்புக்குறிக்குள் சீன அர்த்தம் தருவார்கள். அர்த்தம் தராத புதுச் சொல் வந்தால், அது சூழலிலிருந்து ஊகிக்கக்கூடியது, அல்லது கேள்விக்குத் தேவையில்லாதது. பயிற்சியின்போது ஒவ்வொரு சொல்லுக்கும் செல்போனில் அகராதியைத் தட்டுகிறவருக்கு இந்த ஊகிக்கும் தசை வளராது. படிக்கும்போது அடிக்கோடு மட்டும் போடட்டும். கேள்விகள் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சொல் புத்தகங்கள் பல ‘அபாண்டன்’ என்ற சொல்லில் தொடங்கி அகர வரிசையில் போகும், ஒரு சொல்லுக்கு ஒரு சீன அர்த்தம் என்று. மதிப்பெண்ணைப் பறிப்பது தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்லின் தெரியாத அர்த்தம்தான். ‘அட்ரஸ்’ என்றால் முகவரி என்று படித்தவர், ஒரு சிக்கலை ‘அட்ரஸ்’ செய்தார்கள் என்ற இடத்தில் திகைத்து நிற்பார். ‘ஸ்கூல்’ மீன் கூட்டத்தையும் குறிக்கும், ‘ஃபைன்’ அபராதத்தையும் குறிக்கும். இந்த வகைச் சொல்லை அது வந்த வாக்கியத்தோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். தனியாக எழுதினால் பழைய அர்த்தமே மேலே வந்து உட்காரும்.

தேர்வு உரைகளைத் தவிர வேறு எதையும் படிக்காததும் தவறுதான். அதே தரநிலை பாடப் புத்தகத்துக்கு வெளியே வாரத்துக்குக் கட்டாயப் பாடக் கட்டத்தில் 1500 சொற்களுக்கும், அடுத்த கட்டத்தில் 2500 சொற்களுக்கும் குறையாமல் படிக்கச் சொல்கிறது. இப்படி வெளியே படிக்கும் புத்தகம் எளிதாக இருக்க வேண்டும்: 100 சொல்லில் இரண்டு மூன்றுக்கு மேல் தெரியாதது இருந்தால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

நேரமும் குறுக்கு வழியும்

கேட்டல் பகுதி போக சுமார் 100 நிமிடம் மிஞ்சும். அதில் வாசிப்புக்கு 35 நிமிடம் தாங்கும். ஐந்து உரையும் சேர்ந்து ஏறத்தாழ 1500 சொற்கள். நிமிடத்துக்கு 60 சொல் படிப்பவருக்கு உரைகளுக்கே 25 நிமிடம் போய்விடும், 20 கேள்விக்குக் கேள்வி ஒன்றுக்கு அரை நிமிடம்தான். 100 சொல் படிப்பவருக்குக் கேள்விக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். உதட்டை அசைத்துப் படிப்பது வேகத்தைப் பிடித்து நிறுத்தும். காலை நேர உரத்த வாசிப்பு சீனப் பள்ளிகளின் வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் அதற்கு ஏற்கனவே அலசி முடித்த உரையை எடுப்பது நல்லது. புது உரையை மௌனமாகவே படிக்க வேண்டும்.

ஏ உரை விளம்பரம், அட்டவணை, அறிவிப்பு வகை. அங்கே கேள்வியைப் பார்த்துவிட்டுத் தேடினால் போதும். சி, டி உரைகளில் கேள்வியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டு உரைக்குப் போக வேண்டும். நான்கு விடைகளையும் முன்னதாகப் படித்தால் மூன்று பொய்யை மனத்தில் ஏற்றிக்கொண்டு உரையைப் படிக்கிற கதை ஆகும்.

‘மூன்று நீளம், ஒன்று குட்டை என்றால் குட்டையை எடு, மூன்று குட்டை, ஒன்று நீளம் என்றால் நீளத்தை எடு’ என்று மாணவர்களிடையே ஒரு வாய்ப்பாடு உலவுகிறது. ‘எப்போதும்’, ‘மட்டும்’ வந்தால் தவறு என்பதும் அப்படியே. உரையே ‘மட்டும்’ என்று சொல்லியிருந்தால் விடையிலும் அது சரிதான். வாய்ப்பாட்டை நம்பும் மாணவர் வரியைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார்.

‘ஏழில் ஐந்தில்’ ஒரு தவறு இரண்டாகும். எடுத்த வாக்கியம் இன்னொரு இடத்துக்கு உரியதாக இருந்தால் அந்த இடமும் போய்விடும். வரிசையாக நிரப்பாமல் நிச்சயமானதை முதலில் போட வேண்டும். இட், தே, திஸ், ஹவெவர் போன்ற சொற்கள் எதைத் தொட்டு நிற்கின்றன என்று அம்புக்குறி போட்டுப் பார்த்தால் பாதி இடம் தானே பொருந்தும். பேச்சுச் சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் ‘டா’ என்ற ஒரே ஒலிதான். அதனால் ஹி, ஷி, இட் வேறுபாட்டைக் கண் தாண்டிப்போவது இவர்களுக்கு எளிது.

கடைசி மாதத்தில் வாரத்துக்கு ஒரு முழுத் தாளை, தேர்வு நடக்கும் அதே 3 மணி முதல் 5 மணி வரை உட்கார்ந்து எழுத வேண்டும், விடைத்தாள் அட்டையோடு. 2பி பென்சிலால் வட்டங்களை நிரப்புவதைக் கடைசிக்கு ஒத்திவைப்பவர்கள் கட்டுரை நீண்டுபோனால் பதறி ஒரு வரி தள்ளி நிரப்பிவிடுவார்கள். ஒவ்வொரு உரை முடிந்ததும் அதன் மூன்று நான்கு வட்டங்களை அப்போதே நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.